பல் இம்ப்ளான்ட்: பொருத்திச் சில வருடங்கள் ஆன பிறகு தெரிவது

இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் திருகு இறக்கி, அதன்மேல் பல் வடிவக் கேப் மாட்டுவதுதான் இம்ப்ளான்ட். கேப் மாட்டிய அன்று எந்த இம்ப்ளான்ட்டும் நன்றாகத்தான் இருக்கும். வேலையின் தரம் தெரிய நாலைந்து வருடம் அதில் மென்று பார்க்க வேண்டும். அப்போதும் தொந்தரவு தருவது பெரும்பாலும் எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் திருகு அல்ல. இந்த முறைக்கு முன்னோடியான ஸ்வீடன் மருத்துவர் பிரானமார்க் 1965இல் தன் முதல் நோயாளிக்கு வைத்த திருகுகள், அவர் 2006இல் இறக்கும்வரை வேலை செய்தன. சிக்கல் வருவது திருகுக்கு மேலே உள்ள இணைப்பிலும், பக்கத்துப் பல்லோடு உள்ள இடுக்கிலும், சுற்றியுள்ள ஈறிலும்.

மொத்தம் மூன்று பாகம்: எலும்பில் இறங்கும் திருகு, அதன்மேல் நின்று கேப்பைத் தாங்கும் அபட்மென்ட், வெளியே தெரியும் கேப். திருகு பொதுவாக 3.5 முதல் 5 மி.மீ. விட்டம், 8 முதல் 13 மி.மீ. நீளம். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளக் கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம் ஆகும். மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அங்கே 4 முதல் 6 மாதம். இந்தக் காத்திருப்பில் அவசரம் காட்டுவது வீண் வம்பு.

முதலில் பழக வேண்டியது உணர்வுக்கு. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் உண்டு. கடிக்கும்போது பல் துளி அமிழும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று மூளைக்கும் தெரியும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்போடு நேராக ஒட்டியிருப்பதால் அளவுக்கு மீறிக் கடித்தாலும் உறைக்காது. அதனால்தான் மருத்துவர் அதன் கடியைப் பக்கத்துப் பற்களைவிட ஒரு துளி குறைவாக வைப்பார். சோதிக்க இடையில் வைக்கும் மெல்லிய தகடு, லேசாகக் கடித்தால் நழுவ வேண்டும், அழுத்திக் கடித்தால் சிக்க வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு நைட் கார்டு (இரவில் பல்லில் மாட்டும் உறை) கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒன்று கேப்பின் பீங்கான் சில்லு பெயரும், அல்லது அபட்மென்ட்டைத் திருகோடு பிணைக்கும் சின்ன ஸ்க்ரூ தளரும்.

ஸ்க்ரூ தளர்வதை நிறையப் பேர் இம்ப்ளான்ட்டே போய்விட்டது என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். கேப் மட்டும் லேசாகச் சுழல்கிறது, வலி இல்லை என்றால் அநேகமாக அபட்மென்ட் ஸ்க்ரூதான். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பல வகைகளில் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு, முறுக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி முறுக்கினால் நிற்கும். ஆடுகிற கேப்பில் தொடர்ந்து மென்றால் அந்தச் சின்ன ஸ்க்ரூ உள்ளேயே முறியும். முறிந்த துண்டை எடுப்பதுதான் பெரும்பாடு. எலும்பில் இருக்கும் திருகே ஆடினால் கதை வேறு. அதை முறுக்கி இறுக்க வழியில்லை, கழற்றத்தான் வேண்டும்.

இதனாலேயே வாய்ப்பிருந்தால் சிமென்ட் வைத்து ஒட்டும் கேப்பைவிட ஸ்க்ரூவால் மாட்டும் கேப் மேல் என்பது எங்கள் கருத்து. கழற்றுவது சுலபம், ஈறுக்கடியில் சிமென்ட் தங்கும் ஆபத்தும் இல்லை. கேப்பின் மேலே ஸ்க்ரூ இறங்கும் துளையை மூடிய ஃபில்லிங் சில சமயம் விழும். பதற வேண்டாம், திரும்ப அடைத்துக்கொள்ளலாம்.

அதிகம் எரிச்சலூட்டுவது உணவு சிக்குவது. சொந்தப் பற்கள் வயது முழுக்கத் துளித்துளியாக முன்னோக்கி நகரும், இம்ப்ளான்ட் நகராது. நன்றாக ஒட்டியிருந்த இடத்தில் சில வருடத்தில் இடுக்கு விழும், நார் மாட்டும். கேப்பைக் கழற்றிப் பக்கவாட்டில் பீங்கான் சேர்த்துக் கொடுக்கலாம். இங்கும் ஸ்க்ரூ கேப் கைகொடுக்கும். கவனிக்காமல் விட்டால் சொத்தை விழுவது பக்கத்துப் பல்லில்.

இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள எலும்பு கரையும். முதல் வருடத்தில் 1 மி.மீ. அளவுக்கு எலும்பு இறங்குவது சாதாரணம். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், ஈறில் ரத்தமோ சீழோ வந்தால், அது நோய். வலி கடைசியில்தான் வரும் என்பதால் வலியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். தினமும் ஒருமுறை, கம்பியில் பிளாஸ்டிக் பூசிய இடுக்கு பிரஷ் அல்லது தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசரால் சுற்றிலும் சுத்தம் செய்யுங்கள். பல் குத்தும் குச்சி வேண்டாம்.

கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்-ரேயைப் பத்திரப்படுத்துங்கள். எலும்பு எவ்வளவு இறங்கியது என்று பின்னாளில் ஒப்பிட அது இல்லாமல் முடியாது. அதோடு இம்ப்ளான்ட்டின் பிராண்ட், மாடல், விட்டம், நீளம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள அட்டையையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனியின் ஸ்க்ரூத் தலையும் வேறு மாதிரி. பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனால், எந்தச் சாவி பொருந்தும் என்பதை அந்த அட்டைதான் அவருக்குச் சொல்லும்.