டெலிபோன் லைன் பிராட்பேண்ட்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

தொலைபேசிக் கம்பியில் வரும் பிராட்பேண்டைப் பல வருடங்களாக வீட்டில் வைத்திருக்கிறேன். ஏடிஎஸ்எல் என்ற தொழில்நுட்பத்தின் 2 பிளஸ் வகை இணைப்பு. "24 எம்பிபிஎஸ் வரை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு). அந்த "வரை" என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. லைன் நல்ல நிலையில் இருந்தால் எனக்கு 10 எம்பிபிஎஸ் சொச்சம் வரும். மோசமான நாட்களில் 3-க்கும் இறங்கியிருக்கிறது. 24 என்பது எக்ஸ்சேஞ்ச் மதில் சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்குக் கிடைக்கிற எண்.

இந்த வகை இணைப்பில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக்கொண்டே இருப்பதால் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியது மோடத்தின் உள்பக்கம். பிரவுசரில் மோடம் முகவரியைத் திறந்து, டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்று இருக்கும் பக்கத்துக்குப் போனால் லைனின் ஜாதகமே அங்கே கிடைக்கும்.

முதலில் அட்டெனுவேஷன். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற சிக்னல் வழியில் எவ்வளவு தேய்கிறது என்பதை டெசிபெல்லில் சொல்கிற எண். ஏடிஎஸ்எல்லில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். எனக்கு 38 காட்டுகிறது. அப்படியென்றால் கம்பியின் நீளம் 2.7 கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் அவ்வளவு தூரமில்லையே என்று தோன்றும். கம்பி சாலை வழியே நேராக வருவதில்லை, பெட்டி பெட்டியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. இந்த எண் 20-க்குள் இருந்தால் யோகம். 60-ஐத் தாண்டிவிட்டால் ஓரிரண்டு எம்பிபிஎஸ் நின்று வந்தாலே பெரிய விஷயம்.

தூரம் ஏன் இப்படி அடிக்கிறது? பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலுள்ள இடத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்னச் சேனல்களாக வெட்டி டேட்டாவை அனுப்புகிறார்கள். பழைய ஏடிஎஸ்எல்லில் 256 சேனல், 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை. 2 பிளஸில் 512 சேனல், 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிர்வெண் கூடக் கூடச் சிக்னல் கம்பியில் வேகமாகத் தேயும். ஆகவே தூரம் போகப் போக மேல் பாதிச் சேனல்கள்தான் முதலில் சாகும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பழையதிலிருந்து 2 பிளஸுக்கு மாறியும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான். சில மோடங்கள் எந்தச் சேனலில் எத்தனை பிட் போகிறது என்று படம் போட்டுக் காட்டும். இடப்பக்கம் மேடாக ஏறி வலப்பக்கம் சரிந்து தரையைத் தொடும். நடுவில் ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஏதோ இரைச்சல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது எஸ்என்ஆர் மார்ஜின். இரைச்சலைத் தாண்டி இணைப்பு நிற்கத் தேவையானதற்கு மேல் சிக்னலுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்கிற எண். சந்தைக் கூச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது, அவர் காதில் விழத் தேவையானதைவிட எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது மாதிரி. பெரும்பாலும் 6 டெசிபெல் மிச்சம் வைத்துத்தான் மோடம் இணைப்பு பிடிக்கும். அதற்குப் பிறகு இரைச்சல் கூடினால் அந்த மிச்சம் கரையும். பூஜ்யத்தை நெருங்கினால் இணைப்பு விழுந்து மறுபடி பிடிக்கும்.

இந்த எண்ணைப் பகலிலும் இரவிலும் எடுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மீடியம் வேவ் வானொலி சுமார் 530-லிருந்து 1600 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. ஏடிஎஸ்எல்லும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. இருட்டிய பிறகு மீடியம் வேவ் அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். பகலில் கேட்காத தூரத்து நிலையங்கள் எல்லாம் நம் கம்பியில் ஏறிக்கொள்ளும். மதியம் 6 காட்டிய என் மார்ஜின் இரவு 9 மணிக்கு 2-க்கு வந்துவிடும். அதனால் மோடத்தை ரீஸ்டார்ட் செய்வதாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் செய்வேன். மதியம் 11 எம்பிபிஎஸ் பிடித்து இரவில் விழுந்து விழுந்து எழுவதைவிட, இரவில் 9.8 பிடித்து நாள் முழுக்க அசையாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

சும்மா சும்மா ரீஸ்டார்ட் செய்வதிலும் வம்பு இருக்கிறது. பல இடங்களில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் லைனைத் தானாகக் கவனிக்கிற ஏற்பாடு உண்டு. அடிக்கடி இணைப்பு அறுந்தால் "இந்த லைன் தாங்காது" என்று முடிவு கட்டி மார்ஜினை 9, 12 என்று ஏற்றிவிடும். 3 டெசிபெல் ஏறினால் சேனலுக்கு ஏறத்தாழ ஒரு பிட் போச்சு. ஒவ்வொரு சேனலிலும் நொடிக்கு 4000 தடவை அனுப்புகிறார்கள். 300 சேனல் வேலை செய்கிற லைனில் அது 1.2 எம்பிபிஎஸ் இழப்பு.

இன்னொரு பழைய புலம்பல்: "மோடம் 10 காட்டுது, டவுன்லோடு 1-தான் காட்டுது." பிட்டுக்கும் பைட்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம், அது பாதிக் கதை. மீதிக் கதை, டேட்டா ஏடிஎம் செல் என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களில் போவது. 53 பைட் அனுப்பினால் அதில் 48-தான் சரக்கு. அதற்கு மேல் பிபிபி, ஐபி, டிசிபி தலைப்புகள் வேறு, அதாவது டேட்டாவைக் கொண்டுசேர்க்க முன்னால் ஒட்டுகிற விவரங்கள். 10-க்குப் பிடித்த லைனில் 8.5 கையில் கிடைத்தால் லைன் சரியாகவே இருக்கிறது. வைஃபையில் சோதித்துவிட்டுக் கம்பியைத் திட்டுவதும் நடக்கிறது. கேபிள் செருகிப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

அப்புறம் மழை. ஒரு மழைக்காலத்தில் போனில் கரகர சத்தம் ஆரம்பித்தது. போன் மணி அடித்தால் நெட் அறுந்துவிடும். வேகம் 3-க்கு வந்துவிட்டது. கூப்பிட்டால் "மோடத்தை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற மந்திரம்தான். வந்து பார்த்த லைன்மேன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "டோன் சுத்தமா இருக்கே சார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வழியில் எங்கோ ஜாயின்ட் களிம்பு பிடித்து எதிர்ப்பு கூடியிருக்கும். ரிசீவரை எடுத்ததும் லைனில் மின்னோட்டம் பாய்கிறது, அந்த ஓட்டமே கெட்ட ஜாயின்டைச் சற்று நேரத்துக்குச் சரியாக்கிவிடும். சோதிக்கும்போது ஒழுங்காக இருக்கும், அவர் தெரு முனை திரும்பியதும் பழைய குருடி. மார்ஜின் ஏறி இறங்குவதை மோடத்திலேயே காட்டிய பிறகுதான் வெளியே போய்ப் பெட்டியைத் திறந்தார். செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. நுனியை வெட்டி, தண்ணீர் புகாத ஜெல் வைத்த கனெக்டரில் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே 10 வந்துவிட்டது.

இதைவிட விசித்திரமானது, டயல் டோனே இல்லாமல் நெட் மட்டும் நொண்டி நொண்டி ஓடுவது. இரண்டு கம்பியில் ஒன்று அறுந்திருந்தாலும் உயர் அதிர்வெண் சிக்னல் அந்த இடைவெளியைத் தாண்டிக் கொஞ்சம் போய்விடும். "போன்தானே போச்சு, நெட் வருதே" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே கோளாறுதான்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. பேச்சையும் டேட்டாவையும் பிரிக்க ஒவ்வொரு போனுக்கும் பில்டர் போடுவதைவிட, லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே அந்த வேலையைச் செய்கிற ஒரு ஸ்பிளிட்டர் போட்டு, அங்கிருந்து மோடத்துக்குத் தனியாக முறுக்குக் கம்பி இழுப்பது நல்லது. தட்டையான எக்ஸ்டென்ஷன் வயரில் முறுக்கு கிடையாது. அது ஆன்டெனா வேலைதான் செய்யும். நான் அந்த நீளத் தட்டை வயரைக் கழற்றிவிட்டு மோடத்தை நுழைவாசலுக்கே கொண்டுபோனேன், கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். மார்ஜின் 3 டெசிபெல் கூடியது. ஒன்றும் இணைக்காமல் சுவரில் தொங்கும் பழைய எக்ஸ்டென்ஷனையும் துண்டித்துவிடுங்கள். சிக்னல் அதற்குள் போய் முட்டித் திரும்பி மற்றதைக் கெடுக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட பேட்டரி ரேடியோ போதும். மீடியம் வேவில் 600-க்குப் பக்கத்தில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, அறை அறையாக நடங்கள். எங்கே "ஜ்ஜ்ஜ்" கூடுகிறதோ அங்கே ஆள் இருக்கிறார். என் வீட்டில் அது ஒரு மலிவு விலை எல்இடி விளக்கின் அடாப்டர்.

இன்டர்லீவிங் என்ற ஏற்பாட்டைப் பற்றி ஆன்லைன் கேம் ஆடுபவர்கள் குறைபடுவார்கள். டேட்டாவைக் கலைத்துப் பரப்பி அனுப்புவதால் திடீர் இரைச்சலில் இழப்பதைத் திருத்திக்கொள்ள முடியும், ஆனால் பிங், அதாவது ஒரு தகவல் போய்த் திரும்பி வர ஆகிற நேரம், ஏறும். எனக்கு 20-களில் இருந்தது 40 மில்லிசெகண்டைத் தொட்டது. நீள லைனில் இருப்பவர் அதை அணைக்கச் சொல்லாமல் இருப்பதே புத்தி.

தினசரிப் பயன்பாட்டில் எனக்கு அதிக நிம்மதி கொடுத்தது வேறொன்று. இந்த லைனில் அப்லோடு சுமார் 1 எம்பிபிஎஸ்தான். வீட்டில் யாருடைய போனாவது படங்களை மேகச் சேமிப்பில் ஏற்ற ஆரம்பித்தால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். "கிடைத்தது" என்று திருப்பி அனுப்ப வேண்டிய சின்னத் தகவல்கள் அந்த வரிசையில் மாட்டிக்கொள்வதுதான் காரணம். ரௌட்டரில் அப்லோடை 85 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திய பிறகு வீடியோ கால் உறைவது நின்றேவிட்டது.

தெருப் பெட்டியிலிருந்தே வருகிற விடிஎஸ்எல் 2 (இதே கம்பியில் இன்னும் வேகமாக ஓடும் வகை) கிடைத்தால், பெட்டி சில நூறு மீட்டருக்குள் இருந்தால் யோசிக்காமல் மாறலாம். தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் அதன் மவுசு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஃபைபர் வந்தால் பேச்சே வேண்டாம், போய்விடுங்கள்.

அதுவரை புகார் செய்யும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அட்டெனுவேஷன், பகல் மார்ஜின், இரவு மார்ஜின், ஒரு மணி நேரத்தில் ஏறுகிற சிஆர்சி பிழைகள் (கெட்டுப்போய் வந்த டேட்டாவின் எண்ணிக்கை) எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். போனில் கரகர சத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். என் அனுபவத்தில், வேகம் குறைவு என்றால் மோடத்தை ஆன் பண்ணச் சொல்வார்கள், பேச்சில் இரைச்சல் என்றால்தான் ஏணியோடு ஆள் வரும்.