மொழிபெயர்ப்புத் தொழில்: தளத்திலா, ஏஜென்சிக்குக் கீழா, சொந்தக் கடையா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் கேட்டான். “மாமா, மலாய், ஆங்கிலம், தமிழ் மூணும் தெரிஞ்ச கூட்டாளிங்க பத்துப் பேர் இருக்காங்க. ஆன்லைன்ல வேலையை வாங்கி அவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தா ஒரு கம்பெனி ஆச்சுதானே?”

ஆச்சுதான். மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவதும் பெரிய செலவில்லை. சொந்தப் பெயரில் தனி வணிகம் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாகப் பதிய 1000 ரிங்கிட் கட்ட வேண்டும், ஆரம்பத்தில் அது வேண்டாம். வேலை எங்கிருந்து வரும் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும்.

ஃபைவர், அப்வொர்க் மாதிரி ஆன்லைனில் வேலை பிடித்துத் தரும் தளங்களில் கடை விரிக்கலாம். பெரிய மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளிடம் துணை ஒப்பந்தமாக எடுக்கலாம். இல்லையென்றால் சொந்தமாக இணையத்தளம் போட்டு வாடிக்கையாளரை நேரே பிடிக்கலாம். மூன்றிலும் நான் கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால் கொஞ்சம் தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரே வேலையை மூன்று இடத்திலும் போட்டுப் பார்ப்போம். 1000 சொல், தமிழுக்கு. விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. மொழிபெயர்ப்பவருக்குச் சொல்லுக்கு 12 சென். அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் இரண்டாம் ஆளுக்கு 4 சென். நம் செலவு 160 ரிங்கிட். நேர் வாடிக்கையாளர் 25 சென் தந்தால் 250 வருகிறது, 90 நம்மிடம் நிற்கும். அதே 250 ஃபைவர் வழியாக வந்தால் அவர்கள் 20 விழுக்காடு, அதாவது 50 ரிங்கிட் எடுத்துக்கொள்வார்கள், மீதி 40. அதுவும் பக்கத்துக் கடைக்காரன் பாதி விலை போட்டிருக்கும்போது நமக்கு 250 யார் தருவார்? ஏஜென்சி தன் பங்கை எடுத்துவிட்டு 15 சென் தருகிறது என்று வையுங்கள். வரவு 150, செலவு 160.

அப்போது என்ன செய்வோம்? திருத்துபவரை வெட்டுவோம். நானும் வெட்டினேன்.

ஏஜென்சி வழியாக வந்த ஒரு பயிற்சி முகாம் அறிவிப்பு அது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியவர் மதுரைக்காரர், அருமையான தமிழ். “கால்பந்து” என்று எழுதினார், “காலை டிபன் வழங்கப்படும்” என்றும் எழுதினார். அவர் ஊரில் இரண்டும் சரி. இங்கே பத்திரிகையும் பள்ளிக்கூடமும் “காற்பந்து” என்றுதான் எழுதும், காலையில் நாம் பசியாறுவோம். உள்ளூர்க்காரர் ஒருவர் பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. புகார் வந்தது, பாதிப் பணம் போனது. ஐஎஸ்ஓ 17100 என்று மொழிபெயர்ப்புச் சேவைக்கு 2015இல் வந்த தரவிதி ஒன்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பது அதில் கட்டாயம். அதைப் படிக்கும்போது எனக்கு அந்த டிபன்தான் ஞாபகத்துக்கு வரும்.

தளத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வாடிக்கையாளர் பணத்தை முன்னாலேயே கட்டிவிடுவதால் காசுக்காக யாரையும் துரத்த வேண்டியதில்லை. ஏஜென்சியில் விலைப்பட்டியல் அனுப்பி 30 நாள், 60 நாள் என்று காத்திருக்க வேண்டும், நம்மை நம்பி வேலை செய்தவருக்கோ மாதக் கடைசியில் வாடகை இருக்கிறது. அந்த இடைவெளியை நம் சேமிப்புதான் தாங்கும். ஏஜென்சி வேலை எடுப்பதென்றால் மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் புரோஸ் தளத்தின் புளூ போர்டு பகுதியில் அவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். வேலை கொடுத்தவர்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்களே மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

சொந்தக் கடையில் தலைவலி வேறு மாதிரி. கிளினிக்குக்காரர் துண்டறிக்கை கேட்பார், காப்புறுதி முகவர் விளக்கத்தாள் கேட்பார், தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லாரும் ஒன்றாக வருவார்கள். ஒருமுறை நாங்கள் கொடுத்த நல்ல தமிழ், அச்சகத்துக்குப் போய் வந்தபோது கொம்பெல்லாம் எழுத்தைத் தாண்டி வலப்பக்கம் நின்றது. பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் இந்திய மொழி எழுத்தைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பை யாரும் போடவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து “அச்சுக்கு முன் ஒருமுறை பார்ப்போம்” என்பதையும் விலையில் சேர்த்துவிட்டேன். தளத்தின் விலைப் போட்டியில் இப்படிச் சேர்ப்பது கஷ்டம்.

“அண்ணே, கூகுள்ல ஓசியா வருதே” என்பவர்களும் வருவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதில்லை. கூகுள் தந்ததைத் திருத்திக் கொடுக்கவும் ஒரு விலை வைத்திருக்கிறேன்.

விலையை எப்போதும் மூலத்தின் சொல் எண்ணிக்கையில் பேசுங்கள். மலாயில் “சாயா தாக் போலே டாத்தாங்” நான்கு சொல், அதையே தமிழில் சொன்னால் “என்னால் வரமுடியாது”, இரண்டே சொல். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும், அதை எண்ணிக் காசு கேட்டால் பாதி வருமானம் போய்விடும்.

நேர் வாடிக்கையாளரிடம் இன்னொரு லாபம், போன வருடக் கோப்பு நம்மிடமே இருக்கும். ஒமேகாடி என்ற இலவச மென்பொருளில் அது, முன்பு மொழிபெயர்த்த வரிகளை எடுத்துத் தரும் நினைவகமாகச் சேர்கிறது. அடுத்த வருடம் அதே விளக்கத்தாள் நாலு வரி மாறி வந்தால் வேலை மத்தியானத்துக்குள் முடியும். ஏஜென்சி வேலையில் அந்த நினைவகம் பெரும்பாலும் அவர்களிடம் போய்விடும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் வகைகளை மட்டும் நம்பிக் கடை திறக்க வேண்டாம். பல அலுவலகங்கள் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகமான ஐடிபிஎம்மின் முத்திரை கேட்கும்.

அவனுக்கு நான் சொன்னது: முதல் ஆறு மாதம் கைச்செலவுக்கு ஏஜென்சி வேலை, ஒன்றிரண்டு போதும். பக்கத்திலேயே சொந்தக் கடை. தளத்தை விட்டுவிடு. பிறகு, அந்தப் பத்துப் பேரில் அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகத் திருத்த யார் இருக்கிறார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“ஒருத்தர்தான் மாமா. தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருக்காங்க.”

முதலில் அவரிடம் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறேன்.