பெல்ட் மாற்றின பிறகு என் டூ-இன்-ஒன்

"ரேடியோவும் கேசட்டும் சேந்த பழைய டூ-இன்-ஒன் பெட்டி ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா அண்ணாச்சி? எழுதும்போது நீங்க அதுலதான பாட்டு கேக்கிய?" என்று பாளையங்கோட்டை நண்பர் போனில் கேட்டார். அவரிடம் அவசரமாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வாட்ஸ் எவ்வளவு, ஸ்பீக்கர் எத்தனை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். துபாய்க்குப் போய்வந்த மாமா இருந்த வீட்டிலெல்லாம் எண்பதுகளில் பார்த்த அதே பெட்டிதான். ரேடியோவில் இப்போது நான் கைவைப்பதில்லை. இலங்கை ஒலிபரப்பு பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்ட காலத்தோடு அந்தப் பிரியம் போயிற்று.

கேசட்தான் விஷயம். அப்போது ஜங்ஷன் பக்கம் ரெக்கார்டிங் கடையில் துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம். ஏழு பாட்டுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும். கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு இன்னொரு பாட்டைப் போட்டு அந்த இடத்தை ரொப்பிவிடுவார். அது சரணத்துக்குள் நுழையும்போதே நாடா தீர்ந்து, 'டக்'கென்று பட்டன் மேலே வரும். காலேஜ் நாளில் அதற்காக அவரைத் திட்டாத நாளில்லை. இன்று அந்த 'டக்'கை நம்பித்தான் நான் எழுதுகிறேன். போனில் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது வந்து நிற்கும், நடுவில் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்பாள். இதில் சரணம் அறுந்து வீடே சும்மா இருக்கும். எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பவும் சோம்பல். அந்தச் சோம்பலில் எழுதிய பத்திகள்தான் என் கதைகளில் தேறியவை.

எங்கள் சீமையில் எழுதுகிறவர்களுக்குச் சங்கீதக் கிறுக்கு புதிதல்ல. இடைசெவல்காரர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் கர்நாடக சங்கீதப் பாடகர் விளாத்திகுளம் சாமிகளின் பாட்டில் கிறங்கிக் கிடந்தவர்கள். எனக்கு அந்த அளவு ஞானம் கிடையாது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், அதிலும் 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அது போட்டி போடும் ஆபேரி ராகப் பாட்டு, அது ஒன்றே எனக்குப் போதும்.

வினை அந்தப் பாட்டில்தான் வந்தது. மோட்டாரிலிருந்து நாடாவை ஓட்டுகிற ரப்பர் பெல்ட் நைந்து பாட்டு இழுபட ஆரம்பித்ததும் பழுதுக்குக் கொடுத்தேன். "இந்த சைஸ் இப்ப வாரதில்ல அண்ணாச்சி, கிடச்சதப் போட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக். போட்டது ஒரு தடித்த பெல்ட். மோட்டார் புல்லியில், அதாவது பெல்ட் சுற்றும் சின்னச் சக்கரத்தில், பெல்ட் தடித்தால் வேகம் கூடும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடவேண்டிய நாடா நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஜானகி பள்ளிக்கூடப் பிள்ளை ஆகிவிட்டார். காருகுறிச்சியாரோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாசித்தார். பக்கம் முழுதும் 28 நிமிஷத்தில் தீர்ந்தது. மெக்கானிக்கிடம் சொன்னால், "ஓடுதுல்லா?" என்கிறார்! கோபம் வந்தாலும், ஊரில் இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மோட்டாரின் முதுகில் சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் வேகம் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூ. போனில் அதே பாட்டைப் போட்டு, ஒரே சுரத்தில் நிற்கிற ஒரு நீண்ட கார்வையில் இரண்டும் ஒட்டும்வரை திருகினேன். கச்சிதமாக ஒட்டியது. ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தளர்ந்த பெல்ட்டில் கேட்ட காதுக்குச் சரியான வேகமே ஓட்டமாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நூல் திருகிப் பழைய மந்தத்துக்கே இறக்கிவிட்டேன். சுருதி சுத்தம் பார்க்கிறவர்கள் என் வீட்டுக்கு வரவேண்டாம்.

நண்பருக்குச் சொன்னது: வாங்காதிய. அறுந்த சரணம் இருக்கிற கேசட் உங்களிடம் கிடையாது, அது இல்லாமல் இந்தப் பெட்டி வெறும் தூசி. மீறி வாங்குவதென்றால், காசைக் கொடுக்குமுன் நன்றாகத் தெரிந்த நாகஸ்வரம் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். கார்வை நடுங்கினால் பெல்ட் போச்சு. சத்தம் மங்கியிருந்தால் நாடா உரசிப் போகிற ஹெட்டில் அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தெளியும். ரீவைண்டை மட்டும் அழுத்திப் பார்க்காதீர்கள், எந்தப் பெட்டியிலும் அது இப்போது வேலை செய்வதில்லை.