கோஹ்வா, மேயோவா? யாரைப் பற்றிப் பேசலாம்

19ஆம் நூற்றாண்டில் சிற்றூரில் தொழில் செய்த மருத்துவர் ஒருவரைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டும், யாரை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு என் கணக்கு இது.

ஊர்: ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோஹ், வோல்ஸ்டைன், 1872 முதல் 1880 வரை. இன்று அது போலந்தில் இருக்கிறது. வில்லியம் வொரல் மேயோ, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டர், 1860களிலிருந்து.

நுண்ணோக்கி: எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோஹுக்கு மனைவி எம்மி பரிசாகக் கொடுத்தார். மேயோவோ, மனைவி லூயிஸ் சம்மதிக்க, வீட்டை அடமானம் வைத்து வாங்கினார். இரண்டு வீட்டிலும் மனைவி இல்லாமல் அந்தக் கருவி வந்திருக்காது!

வேலை: கோஹ் நோயாளிகளைப் பார்த்த வீட்டிலேயே, மரச்சிராயால் எலிக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் கண்ட விலங்கின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். 1876இல் அந்தக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை வெளியிட்டார். மேயோவுக்கு அறுவை சிகிச்சைதான் பலம்.

குடும்பம்: கோஹுக்கு ஒரே மகள், கெர்ட்ரூட். எம்மியுடனான திருமணம் 1893இல் முறிந்தது. படிக்கும்போது மனசு கனக்கிறது. மேயோவின் மகன்கள் வில்லியமும் சார்லஸும் அப்பாவோடு சேர்ந்து மருத்துவம் பார்த்தார்கள். ராசெஸ்டரைத் தாக்கிய 1883 சூறாவளிக்குப் பிறகு கன்னியாஸ்திரிகள் முன்வந்து, 1889இல் அங்கே மருத்துவமனை எழுந்தது.

சரி, கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டுமென்றால் கோஹ். அப்பா, பிள்ளைகள், ஊர் எல்லாம் சேர்ந்த கதை வேண்டுமென்றால் மேயோ.