பாதரசக் கழிவு: காய்ச்சி எடுப்பதா, கந்தகத்தில் கட்டுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகே எங்கள் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையின் பழைய ஆய்வுக்கூடத்தை மூடியபோது, உடைந்த வெப்பமானிகளிலிருந்தும் அழுத்தமானிகளிலிருந்தும் சேர்ந்த சில கிலோ பாதரசத்தை அப்புறப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி அது பாதரசம் உள்ள கழிவுகளுக்கான எஸ்.டபிள்யூ. 109 வகையைச் சேர்ந்தது. பொதுவாக 180 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உலையில் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப எடுப்பது ஒரு வழி, கந்தகத்தில் கட்டித் திடப்பொருளாகப் புதைப்பது மற்றொரு வழி. நான் கந்தகத்தைத் தேர்ந்தேன்.

காய்ச்சும் முறையைக் குறைத்துப் பேச மாட்டேன். பாதரசம் 357 பாகை செல்சியஸில் கொதிப்பதால், மண்ணும் கண்ணாடித் தூளும் கலந்திருந்தாலும் பிரிந்து வந்துவிடும். ஆனால் வேலை முடிந்தபின் மிஞ்சுவது என்ன என்பதே என்னைத் தயங்க வைத்தது. மிஞ்சுவது மறுபடியும் அதே நீர்மப் பாதரசம்தான். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017இல் நடப்புக்கு வந்த மினமாத்தா என்னும் உலக உடன்படிக்கைக்குப் பிறகு அதன் பயன்பாடுகள் சுருங்கிவருவதால், வாங்குவோர் கிடைக்கும்வரை குப்பியைக் காவல் காக்க வேண்டும். கழிவில் கதிரியக்கமும் கலந்திருந்தால், வடித்தெடுத்த பாதரசத்திலும் அந்த மாசு தங்கக்கூடும் என்பதால், அதைத் தொழிலுக்குத் திருப்பி அனுப்பும் வழியும் அடைபட்டுப் போகிறது.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் இத்தகைய கலப்புக் கழிவுக்காகவே கந்தகப் பாலிமர் முறையை உருவாக்கியது. பாதரசத்தை முதலில் கந்தகத் தூளோடு வினைபுரியச் செய்து, பின்னர் சுமார் 130 பாகையில் உருக்கி வார்த்து ஆறவிடுகிறார்கள். ஒரு கிலோ பாதரசத்தைக் கட்டக் கணக்குப்படி 160 கிராம் கந்தகம் போதும். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து விளையும் பாதரச சல்பைடு நீரில் ஏறத்தாழக் கரையாது. சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று சொல்வதும் இதே சேர்மத்தைத்தான். ரப்பர் இலைநோய்க்குக் கந்தகம் தூவிய தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, அந்தத் தூள் புதியதல்ல.

பாதரசத்தைத் துத்தநாகத்தோடு கலந்து இரசக்கலவை (உலோகக் கலவை) செய்யும் மூன்றாம் வழியில் பாதரச ஆவி முழுமையாக அடங்குவதில்லை; அதை ஒதுக்கிவிட்டேன்.

கந்தக முறையில் எடையும் கொள்ளளவும் கூடுகின்றன. காரத்தன்மை மிகுந்தால் மிஞ்சிய கந்தகம் பாதரசத்தை மீண்டும் கரையச் செய்யும் என்பதால், சுண்ணாம்பும் சிமெண்டும் உள்ள குழியில் இடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தேன். நான் கையாண்டது கதிரியக்கமற்ற சில கிலோ மட்டுமே. பாதரசத்தோடு கதிரியக்கமும் கலந்திருக்கக்கூடியதால் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் பொருந்தும் எண்ணெய்க் கசடு போன்றவற்றை வைத்திருப்பவர்கள், முதலில் கதிரியக்க அளவை எடுத்த பின்னரே உலையா கந்தகமா என்று முடிவு செய்ய வேண்டும்.