கடலடிச் சரிவும் ராட்சத அலையும்: ஸ்வாஷ் மென்பொருளை நம்பலாமா?

ஆழத்திலிருந்து வரும் அலைக்கூட்டம் மேடான கடலடியில் ஏறும்போது, சரிவு முடிகிற விளிம்பை ஒட்டி ராட்சத அலைகள் வழக்கத்தைவிட அதிகம் எழலாம். ட்ருல்சன், ஸெங், கிராம்ஸ்டாட் மூவரும் 2012-இல் வெளியிட்ட தொட்டிச் சோதனை, 20-க்கு 1 சரிவில் இதைக் காட்டியது. இதைக் கணினியில் செய்து பார்க்க ஸ்வான் என்ற அலைக் கணிப்பு மென்பொருளில் கை வைத்தால் நேரம்தான் வீண். அது அலைகளின் ஆற்றல் பரவலை மட்டும் கணக்கிடும்; தனி அலை என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. வேண்டியது ஸ்வாஷ். இதுவும் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சரக்குதான். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அழுத்த ஒரு பட்டன்கூடக் கிடையாது. எல்லாமே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும் கட்டளைகள்.

சோதிக்க ஏற்ற அளவு இது: 60 செ.மீ. ஆழம், 6 மீட்டர் நீளச் சரிவில் ஏறி 30 செ.மீ. ஆகிறது. அலைக்காலம் 2.1 விநாடி, சிக்னிஃபிகன்ட் உயரம் (மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி) 5 செ.மீ. அலைநீளம் ஆழத்தில் 4.6 மீட்டர், மேட்டில் 3.4 மீட்டர். சரிவுக்கு முன் 45 மீட்டர் சமதளம், பின்னால் 18 மீட்டர், கடைசியில் அலையை விழுங்க 12 மீட்டர் ஸ்பாஞ்ச் லேயர். தொட்டியைக் கூறுபோடும் கட்டம் ஒவ்வொன்றும் 3 செ.மீ., கணக்கு முன்னேறும் நேரப்படி 0.005 விநாடி. குரான்ட் எண் (ஒரு நேரப்படியில் அலை எத்தனை கட்டம் நகர்கிறது என்பது) 0.4-ஐ ஒட்டி நிற்கும், கணக்கு வெடிக்காது.

நீரை மேலிருந்து கீழாகப் பிரிக்கும் அடுக்குகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். அலையெண்ணை (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) ஆழத்தால் பெருக்கிவரும் எண் 0.5-ஐத் தாண்டினால், ஒற்றை அடுக்கில் அலைவேகப் பிழை 1 சதவீதத்தைத் தாண்டும். இங்கே 2.1 விநாடி முதன்மை அலைக்கே அது 0.8. இரண்டு அடுக்கு வைத்தால் 7.7 வரை தாங்கும். மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட குட்டி அலைக்கும் 4.9தான் வருகிறது.

ஆள் ஏமாறுகிற இடம் சைக்கிள் என்ற அளவுரு. எல்லையில் விடும் அலைவரிசை அந்த நேரம் முடிந்ததும் முதலிலிருந்து திரும்ப ஓடும். 5 நிமிடம் கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால், அதே 140-சொச்சம் அலைகள் பன்னிரண்டு முறை வரும். அதில் ஒரு பெரிய அலை இருந்தால் பன்னிரண்டு ராட்சத அலை! மென்பொருள் எச்சரிக்காது, கிராஃபும் அழகாக இருக்கும். சிக்னிஃபிகன்ட் உயரத்தின் இரு மடங்கைத் தாண்டும் அலை, ராலே பரவல் என்ற வழக்கமான அலை உயரப் புள்ளிவிவர விதியின்படி ஏறத்தாழ 3000-க்கு ஒன்று. அதனால் சைக்கிள் 75 நிமிடம், ஓட்டம் 78 நிமிடம், முதல் 3 நிமிடத்தைத் தள்ளிவிடவும். ஸீட் எண்ணை (தற்செயல் அலைவரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) மாற்றி மாற்றிப் பத்து ஓட்டம் தேவை. மாற்ற மறந்தால் பத்தும் ஒன்றேதான்.

சரிவே இல்லாத தளத்தில் முதல் ஓட்டம் போடுங்கள். குர்டோசிஸ் (மிகப் பெரிய ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதன் அளவு) நெடுக ஒரே அளவில், 3-ஐ ஒட்டி நிற்க வேண்டும். போகப்போக அலை உயரம் தேய்ந்தால் கட்டம் பெரிதாக இருக்கிறது என்று பொருள். பிறகு சரிவை வைத்து, அதன் மேலும் அடுத்த இரண்டு அலைநீளத்துக்கும் 10 செ.மீ.க்கு ஒரு அளவுப்புள்ளி வையுங்கள். மேட்டு விளிம்பருகே குர்டோசிஸ் 3-ஐத் தாண்டி எகிறி, பின் இறங்குவதுதான் தேடும் அடையாளம். ஆழத்துக்குப் பழகிய அலைக்கூட்டம், ஓரிரு அலைநீளத்துக்குள் புது ஆழத்துக்கு மாற முடியாமல் திணறுவதே காரணம். சரிவை 60 மீட்டராக நீட்டினால் அலை மெல்லப் பழகிவிடும், அந்த எகிறல் மங்கிவிடும்.

இரண்டு சில்லறைத் தொல்லைகள். ஆழத்தைக் கீழ்நோக்கி நேர்க்குறியில் தர வேண்டும். மைனஸ் போட்டால் தொட்டியே வறண்டுவிடும். கேட்பது கட்டங்களின் எண்ணிக்கை, புள்ளிகளுடையது அல்ல: 81 மீட்டருக்கு 2700 கட்டம், ஆனால் ஆழக் கோப்பில் 2701 எண்கள்.

எல்லையில் தரும் அலை நேரியல் அலை என்பது உண்மையான குறை. அதோடு ஒட்டிவர வேண்டிய, இரு மடங்கு அதிர்வெண் கொண்ட அலை இல்லாததால் போலி அலைகள் கிளம்பி, முதல் சில மீட்டர்களின் புள்ளிவிவரத்தைக் கெடுக்கும். அந்த 45 மீட்டர் சமதளம் இதற்காகத்தான். தொட்டி அளவில் ஒற்றைத் திசை அலைக்கு ஸ்வாஷை நம்பி எடுக்கலாம். பல திசைகளிலிருந்து அலை வரும் நிஜக் கடல் மேட்டுக்கு இரு பரிமாண ஓட்டம் வேண்டும். அதற்கு லேப்டாப் போதாது.