விர்ட்ஐஓ டிரைவர்கள்: விண்டோஸ் கெஸ்டில் முதலில் போட வேண்டியது

லினக்ஸில் மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் கேவிஎம் மேல் விண்டோஸைக் கெஸ்டாக, அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் மெஷினாக, ஓட்டுகிறீர்கள், எல்லாம் ஆமையாக நகர்கிறது என்றால், ராம் கூட்டுவதற்கு முன்னால் டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் எந்த மாடலில் இருக்கின்றன என்று பாருங்கள். ஐடிஇ (பழைய டிஸ்க் வகை), இ1000 என்று இருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். நான் ரொம்ப நாள் அப்படியே ஓட்டினேன். மெய்நிகர் மெஷின்களுக்கென்றே அமைத்த விர்ட்ஐஓ மாடலுக்கு மாற்றிய அன்று, இது அதே மெஷின்தானா என்று நம்பவே முடியவில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இ1000 என்பது இன்டெலின் நிஜ நெட்வொர்க் கார்டு, கெஸ்டுக்கு வன்பொருளைக் காட்டும் க்யூஎமு என்ற மென்பொருள் அதைப் போல நடிக்கிறது. கெஸ்டில் இருக்கும் டிரைவர் நிஜக் கார்டு என்று நம்பி ரிஜிஸ்டர்களைத் தொட, தொடும்போதெல்லாம் சிபியு கெஸ்டை நிறுத்திவிட்டு, மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குப் போய், என்ன கேட்டது என்று பார்த்து, பதில் வாங்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு முறை என்றால் சரி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் என்றால்?

விர்ட்ஐஓவில் அந்த நடிப்பே கிடையாது. எதிரே இருப்பது நிஜக் கார்டு இல்லை, ஹைப்பர்வைசர் என்று டிரைவருக்கே தெரியும். அதனால் இரண்டு பேரும் பார்க்கக்கூடிய நினைவகத்தில் ஒரு வரிசையை வைத்துக்கொள்கிறார்கள்: தரவு எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணை, கெஸ்ட் வேலையைப் போட ஒரு வளையம், ஹோஸ்ட் (கெஸ்டைத் தாங்கும் நிஜ மெஷின்) முடித்ததைப் போட இன்னொரு வளையம். கெஸ்ட் இருபது பாக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை மணி அடித்தால் போதும், ஹோஸ்ட் ஏற்கெனவே வேலையில் இருந்தால் அந்த மணியும் வேண்டாம். ஜென் என்ற இன்னொரு ஹைப்பர்வைசர் 2003-இலேயே கெஸ்டும் ஹைப்பர்வைசரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழியைக் காட்டிவிட்டது, ஆனால் ஒவ்வொரு ஹைப்பர்வைசருக்கும் தனித்தனி டிரைவர் என்றாகிவிட்டது. லினக்ஸ் கெர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் விர்ட்ஐஓவை எல்லா ஹைப்பர்வைசருக்கும் பொதுவாக அமைத்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

லினக்ஸ் கெஸ்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. விண்டோஸில் அப்படி இல்லை. நிறுவும்போது டிஸ்க்கே கண்ணில் படாது, பயந்துவிடாதீர்கள். விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாக மாட்டி, டிஸ்க் டிரைவர் இருக்கும் வியோஸ்டோர் ஃபோல்டருக்குள் உங்கள் விண்டோஸ் பதிப்பையும் அதற்குள் 64-பிட் விண்டோஸுக்கான ஏஎம்டி64-ஐயும் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். நெட்வொர்க்குக்கு நெட்கேவிஎம். எந்த ஃபோல்டர் எதற்கு என்று பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம், புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

பலூன் டிரைவரும் உடன் வருகிறது. கெஸ்டுக்குள் நினைவகத்தைப் பிடித்து ஹோஸ்டுக்குத் திருப்பிக் கொடுக்கும். டேட்டாபேஸ் ஓடும் கெஸ்டில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை, மற்றவற்றில் நன்றாகவே உழைக்கிறது. திரைக்கான டிரைவரிடம் மட்டும் 3டி வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் டிஸ்க்கை நேரே விர்ட்ஐஓ என்று மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றினேன், நீலத் திரையோடு நின்றுவிட்டது, ஓர் இரவு முழுக்கப் போயிற்று. ஒரு ஜிபி அளவில் காலி டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவாகக் கூடுதலாக மாட்டி, பூட் செய்து, டிரைவரை நிறுவி, அந்தக் குட்டி டிஸ்க் டிவைஸ் மேனேஜரில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு அணைத்துவிட்டுப் பெரிய டிஸ்க்கை மாற்றுங்கள்.